விடுமுறை நாளும் வேட்டுச் சத்தமும்

மே மாதம் முதல் தேதி நெருங்கிக்கொண்டிருக்கின்றது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் ஏற்பட்ட நாள் முதலாய், அதன் வாசற்படியில் இருக்கும் மண்ணூர்பேட்டையானது பட்டறைத் தொழிலாளிகளும், கடைச் சிப்பந்திகளும், கட்டட வேலைக்கு வந்த வெளி ஜில்லாக்காரர்களும், இப்பொழுது வடநாட்டிலிருந்து வந்து ஓர் அறையில் எட்டுப் பேராய்த் தங்கிக் கிடக்கும் கூலிக்காரர்களும் சேர்ந்து வாழும் ஊராய் இருந்து வருகின்றது. இப்படிப்பட்ட ஊருக்கு மே தினத்தைவிடப் பொருத்தமான விடுமுறை வேறொன்று இருக்க முடியாது என்பது நமது அபிப்பிராயம். தீபாவளிக்கு ஓர் அசுரன் செத்த கதை வேண்டும். வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்க வாசல் திறக்கும் கதை வேண்டும். மே தினத்துக்கு அப்படிப்பட்ட புராணம் ஒன்றும் கிடையாது. 1886-ம் வருஷத்தில் அமெரிக்கா தேசத்துச் சிக்காகோ முதலிய நகரங்களில், நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேரந்தான் வேலை செய்வோம் என்று தொழிலாளிகள் நிமிர்ந்து நின்றார்கள். அதற்காகச் சிலர் சுடப்பட்டார்கள், சிலர் தூக்கிலிடப்பட்டார்கள். 1889-ல் பாரிஸ் நகரத்தில் கூடிய சர்வதேச மகாநாடு அந்த நாளை உலகத் தொழிலாளர் நாளாக்கிற்று. இந்தியாவில் அதை முதன்முதலாக 1923-ல் கொண்டாடிக் காட்டியவர் நமது சிங்காரவேலர். கொண்டாடிய இடம் சென்னைக் கடற்கரை.

ஆகவே இந்த விடுமுறை யாரோ வானத்திலிருந்து போட்ட பிச்சை அல்ல. மனிதர்கள் கேட்டு வாங்கியது. கேட்பதை நிறுத்தினால் பறிபோகக் கூடியது. வெகு தூரம் போக வேண்டியதில்லை. 2023-ம் வருஷம் ஏப்ரல் 21-ந் தேதி, தொழிற்சாலைகளில் ஒரு நாளைய வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்கொள்ள வழி செய்யும் மசோதா நமது சட்டசபையிலேயே நிறைவேற்றப்பட்டது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் போட்ட கூச்சலின் பேரில் அது நிறுத்தி வைக்கப்பட்டு, பத்தாவது நாளான மே தினத்தன்று, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் வைத்தே, வாபஸ் பெறப்படுவதாக முதலமைச்சரால் அறிவிக்கப்பட்டது. நூற்று முப்பத்தேழு வருஷத்துக்கு முன் சிக்காகோவில் கேட்டதை 2023-ல் சென்னையில் மறுபடியும் கேட்க வேண்டியிருந்தது என்றால், இந்த நாளை வெறும் தூக்கத்துக்கும் சினிமாவுக்கும் விட்டுவிடலாமா என்று யோசித்துப் பாருங்கள்.

நிற்க, விடுமுறை என்றால் யாருக்கு விடுமுறை என்பதை முதலில் பார்ப்போம். 1958-ம் வருஷத்துத் தமிழ்நாடு தொழில் நிலையங்கள் விடுமுறைச் சட்டப்படி, ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும், இவை தவிர ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்தோடு விடப்பட வேண்டும். அன்று வேலை வாங்கியே தீர வேண்டுமானால், தொழிலாளிக்கு இரட்டைக் கூலி கொடுக்க வேண்டும். அல்லது அந்நாள் கூலியும் கொடுத்து, வேறொரு நாள் சம்பளத்தோடு விடுமுறையும் கொடுக்க வேண்டும். சட்டம் இவ்வளவு தெளிவாகத்தான் இருக்கின்றது. ஆனால் பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்யும் லேத்துப் பட்டறைகளில் என்ன நடக்கின்றது? முன் ஷட்டரை இறக்கிவிட்டுப் பின் கதவு வழியாக மிஷின் ஓடுகின்றது. “சொந்த மனுஷன் மாதிரி இருக்கிறாய், உனக்குக் கணக்கு எதற்கு” என்று சொல்லி, ஒரு பிரியாணிப் பொட்டலத்தோடு இரட்டைக் கூலி தீர்ந்து போகின்றது. கான்ட்ராக்ட் ஆள் என்றால் அந்தப் பொட்டலமும் இல்லை. இதை வாசிக்கும் தொழிலாளத் தோழர்கள் தங்கள் கூலி ரசீதில் மே முதல் தேதி என்னவென்று எழுதப்பட்டிருக்கின்றது என்பதை ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்வது நலம்.

இன்னொரு கூட்டத்தார் இருக்கின்றார்கள். அவர்களுக்கு விடுமுறை கொடுத்தால் நமக்கு அன்று பிழைப்பு இல்லை. குழாயில் தண்ணீர் திறந்து விடுகிறவர், டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போனால் கொளுத்தும் வெயிலில் ஏறுகிறவர், பஸ் ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரியில் தாதி வேலை செய்கிறவர், தீயணைப்பு வண்டியில் உட்கார்ந்திருக்கிறவர், எல்லோருக்கும் மேலாகத் தெருக் கூட்டுகிறவர். தொழிலாளர் தினம் என்று சொல்லிக் கொண்டு நாம் தெருவில் எறியும் குப்பையை, அந்தத் தினத்தன்றே ஒரு தொழிலாளி பெருக்கிக் கொண்டிருக்கிறார் என்பது நம்மில் எத்தனை பேருடைய மனத்தில் படுகின்றது? அதிலும் இந்தத் தேசத்தில் தெருக் கூட்டும் வேலை எந்த ஜாதியார் தலையில் கட்டப்பட்டிருக்கின்றது என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியாளர்கள், தங்கள் வேலையைத் தனியாரிடம் ஒப்படைக்கக் கூடாதென்று ரிப்பன் கட்டடத்தின் வாசலில் நாள் கணக்காக உட்கார்ந்திருந்து, கடைசியில் நடுராத்திரியில் போலீசாரால் அப்புறப்படுத்தப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மூடப்படுகின்றவைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பாங்கிகளும், கார்ப்பரேஷன் மண்டல ஆபீசும், ரேஷன் கடையும் அன்று திறக்கா. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் புறநோயாளிகளைப் பார்க்கும் நேரம் குறையும். ஆனால் அவசரப் பிரிவு இரவும் பகலும் உண்டு. இம்மாதிரி நாட்களில் மின்சார ரயில் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி ஓடுவது வழக்கமாதலால், கொரட்டூரிலும் பட்டரவாக்கத்திலும் நிற்கிறவர்கள் வழக்கத்தைவிட அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கும். சர்க்கார் மதுக்கடைகளுக்கும் அன்று விடுமுறை. ஆனால் முந்திய நாள் மாலையில் அந்தக் கடைகளின் முன் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு, இந்த விடுமுறை கடைக்கே ஒழியக் குடிக்கு அல்ல என்பது விளங்கும். முந்திய நாள் வாங்கி வைத்ததும், சந்து முனையில் அதிக விலைக்கு விற்பதும் சேர்ந்து, மே தினத்துச் சாயங்காலம் பலருடைய கை நடுங்கிக் கொண்டிருக்கும். அந்தக் கையில்தான் ஊதுபத்தியும் சரவெடியும் கொடுக்கப்படுகின்றன.

இதுதான் இன்று நாம் எழுத வந்த விஷயம். முன்னெல்லாம் தீபாவளிக்கும் கார்த்திகைக்கும்தான் வெடி. இப்பொழுது பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் வெடிதான். அம்மன் கோயில் தீமிதிக்கு வெடி, சாமி புறப்பாட்டுக்கு வெடி, கல்யாணத்துக்கு வெடி, காதுகுத்துக்கு வெடி, சினிமா நடிகரின் படம் வந்தால் வெடி, தலைவர் வந்தால் வெடி, சவ ஊர்வலத்திலும் வெடி. அது மாத்திரமா? மே தினக் கொடியேற்றத்துக்கும் வெடி! கோயில் வாணத்தைக் கண்டிக்கும் நமது ஆட்களே, கொடி மரத்தடியில் பத்தாயிரம் வாலாவை விரித்துப் போட்டு, காதைப் பொத்திக்கொண்டு சிரித்துக் கொண்டு நிற்பதை நாம் பார்த்திருக்கின்றோம். சாமிக்குக் கொளுத்தினால் மூடத்தனம், சங்கத்துக்குக் கொளுத்தினால் உற்சாகம் என்று வெடி மருந்துக்குத் தெரியுமா?

வெடி மருந்து என்பது என்ன? வெடியுப்பு, கந்தகம், கரித்தூள். பளபளப்புக்கும் அதிகச் சத்தத்துக்கும் அலுமினியத் தூள். பச்சை ஒளிக்குப் பேரிய உப்பு. சாதாரண நெருப்பு எரிவதற்கு வெளிக்காற்று வேண்டும். மூடி வைத்தால் அணைந்து போகும். வெடி மருந்துக்கோ அந்தக் கவலை இல்லை. எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை உப்பின் வடிவத்தில் தன்னுடனேயே கட்டி வைத்திருக்கின்றது. ஆதலால் மூடி வைக்க வைக்க அது அடங்குவதில்லை. அதிகப் பலத்தோடு வெடிக்கின்றது. பொட்டாசியம் குளோரேட் என்னும் உப்பைக் கந்தகத்தோடு சேர்த்தால் உராய்ந்தாலே தீப்பிடிக்கும். அதனால்தான் அந்தச் சேர்க்கையை இந்திய சர்க்கார் 1992-லேயே தடை செய்தார்கள். இதில் தெய்வச் செயலுக்கு இடம் எங்கே இருக்கின்றது? தைரியசாலியின் கையில் மெதுவாகவும் பயந்தவன் கையில் வேகமாகவும் அது வெடிப்பதில்லை. சித்திரை வெயிலில் காய்ந்த கூரையும், காய்ந்த ஏரிப் புல்லும், பட்டறை வாசலில் குவித்த அட்டைப் பெட்டியும், தெர்மோகோலும் ஒரு பொறிக்குக் காத்துக் கிடக்கின்றன என்பதுதான் கோடை காலத்தின் விசேஷம்.

இதற்குச் சாட்சியாக ஒரு சம்பவத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றோம். கேரளத்தில் கொல்லம் ஜில்லாவைச் சேர்ந்த பரவூர் என்ற ஊரில் புற்றிங்கல் தேவி கோயில் என்று ஒன்று இருக்கின்றது. அங்கே மீன பரணி உற்சவத்தில் இரண்டு கட்சியார் போட்டி போட்டுக்கொண்டு வாணம் விடுவது வழக்கம். யாருடைய வெடி அதிகச் சத்தம், யாருடைய வாணம் அதிக உயரம் என்பதுதான் போட்டி. அதைப் பார்ப்பது தேவி என்பது ஐதீகம். 2016-ம் வருஷம் இந்தப் போட்டி வாணத்துக்கு ஜில்லா அதிகாரிகள் அனுமதி மறுத்துவிட்டார்கள். கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்த ஒரு மூதாட்டி, தன் வீடு வெடிச் சத்தத்தில் அதிர்கின்றதென்று முன்னதாகவே புகார் செய்தும் இருந்தார். இவ்வளவும் இருக்க, ஏப்ரல் 9-ந் தேதி இரவு வாணம் ஆரம்பமாயிற்று. 10-ந் தேதி விடியற்காலம் சுமார் மூன்றரை மணிக்கு, கொளுத்திய வாணத்தின் பொறி, மிச்ச வெடிகளை அடுக்கி வைத்திருந்த கிடங்கில் போய் விழுந்தது. ஒரே வெடியாக வெடித்தது. கிடங்கின் காங்கிரீட்டுத் துண்டுகள் பறந்து போய்த் தூரத்தில் நின்றவர்களையும் கொன்றன. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். முன்னூறு பேருக்கு மேல் காயமடைந்தார்கள். செத்தவர்களில் பலர் தீயில் வேகவில்லை. கல் விழுந்து செத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ‘நான் தூரத்தில்தானே நிற்கின்றேன்’ என்ற சமாதானம் அங்கே ஒருவருக்கும் உதவவில்லை.

அந்த ராத்திரி அங்கே போலீஸ்காரர்கள் இல்லையா? இருந்தார்கள். சட்டம் இல்லையா? 1884-ம் வருஷத்திலிருந்தே வெடிபொருள் சட்டம் இருக்கின்றது. தடை உத்திரவு இல்லையா? அதுவும் எழுத்தில் இருந்தது. பின் ஏன் நடந்தது? “இது கோயில் காரியம், தலைமுறை தலைமுறையாய் நடந்து வருவது, இதில் யார் கை வைப்பது” என்ற ஒரு பயம்தான். தேவியிடத்திலுள்ள பயம்கூட அல்ல. தேவியின் பெயரால் கூடுகின்ற கூட்டத்தினிடத்திலுள்ள பயம். இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 12-ந் தேதி, கேரள ஹைக்கோர்ட்டார் சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை அதிக ஓசை உள்ள வெடி கூடாதென்று தடை போட்டார்கள். அந்த மை காய்வதற்குள், அதே வாரத்தில், திருச்சூர்ப் பூரத்துக்கு நிபந்தனைகளோடு விலக்கும் கொடுத்தார்கள். நூறு பிணம் விழுந்த வாரத்திலேயே பழக்கம் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டது! 1952-ல் சபரிமலையில் வெடி மருந்து வெடித்து அறுபது பேருக்கு மேல் மாண்ட தேசம் அது. அறுபத்து நான்கு வருஷத்தில் கற்றுக்கொண்டது என்ன?

மலையாளிகளைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 2025 ஏப்ரலில் நமது சேலம் ஜில்லா ஓமலூரை அடுத்த கஞ்சநாயக்கன்பட்டியில், திரௌபதி அம்மன் திருவிழாவுக்காக மோட்டார் சைக்கிளில் மூட்டையாகக் கொண்டுபோன வெடி வழியிலேயே வெடித்து நான்கு உயிர் போயிற்று. பிள்ளைகளும் அதில் அடக்கம். மூட்டையாக வெடி ஏற்றிய மோட்டார் சைக்கிள்கள் நமது தெருக்களிலும் திருவிழாக் காலத்தில் போகத்தான் செய்கின்றன. பின்னால் உட்கார்ந்திருக்கிறவர் வாயில் சில சமயம் பீடியும் இருக்கும். ரயிலில் வெடி கொண்டுபோனால் 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டப்படி மூன்று வருஷம் வரை சிறை உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் ‘சாமி காரியம்’ என்ற ஒரு வார்த்தை போதும்.

பத்தாயிரம் வாலாவைப் பற்றி ஒரு வார்த்தை. சரவெடி, அதாவது ஒன்றோடொன்று கோத்த வெடி, செய்வதும் விற்பதும் கொளுத்துவதும் கூடாதென்று 2018-ம் வருஷம் அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்புச் சொன்னார்கள். அதனால் காற்றும் கெடுகின்றது, ஓசையும் மிஞ்சுகின்றது, குப்பையும் மலையாய்க் குவிகின்றது என்பதே அவர்கள் சொன்ன காரணம். பேரிய உப்பையும் தடுத்தார்கள். 2021 அக்டோபரில் இதை மறுபடியும் வலியுறுத்தினார்கள். இதற்கு முன்பே, 2005-ல், ராத்திரி பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை சத்த வெடி கூடாதென்று உத்திரவு ஆகியிருக்கின்றது. தனி வெடி ஒன்று, வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் போடக் கூடாதென்று 1999 முதல் விதி இருக்கின்றது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு இவைகளைச் சுற்றி நூறு மீட்டருக்குள் கூடவே கூடாது. இவ்வளவும் ஏட்டில் இருக்க, வாலா மாத்திரம் தெருவில் இருக்கின்றது. தேசத்தின் மிகப் பெரிய கோர்ட்டு தடுத்த ஒரு பண்டத்தை, சட்டம் செய்கின்ற சபைக்குப் போகிறவர்களை வரவேற்கவே கொளுத்துகிறார்கள் என்றால், இந்த விந்தையை எந்தப் புராணத்தில் சேர்ப்பது? போலீஸ்காரரோ அந்த மரியாதைக்கு வழி விட்டு, வண்டிகளை நிறுத்திக்கொண்டிருக்கிறார். நிறுத்தப்பட்ட வண்டிகளில் ஒரு 108 வண்டியும் இருக்கலாம்.

இனித் தொழிலாளத் தோழர்களிடம் நேராக ஒரு கேள்வி கேட்கின்றோம். நீங்கள் கொளுத்தும் வெடியைச் செய்தது யார்? இந்தியாவில் வெடிக்கும் வெடியில் மிகப் பெரும் பகுதி சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் செய்யப்படுகின்றது. மழை பொய்த்த கரிசல் பூமியில் வேறு பிழைப்பு இல்லாமல், ஆண்களும், அதைவிட அதிகமாகப் பெண்களும், எண்ணிக்கைக் கூலிக்கு உட்கார்ந்து மருந்து அடைக்கின்றார்கள். 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். 2024 மே 9-ந் தேதி, அதாவது மே தினம் கொண்டாடி எட்டே நாள் கழித்து, செங்கமலப்பட்டியில் எட்டுப் பேருக்குக் குறையாமல் செத்தார்கள். 2023 அக்டோபரில் ஓசூருக்கு அப்பால் அத்திப்பள்ளியில் ஒரு வெடிக் கடை எரிந்ததில், பெட்டி இறக்கும் கூலிக்கு நமது தருமபுரிப் பக்கத்திலிருந்து போன வாலிபர்கள் பலர் கருகினார்கள். கோடையில் இந்தச் செய்தி இல்லாத வருஷம் இல்லை. அப்படியிருக்க, தொழிலாளியின் உயிரைக் குடித்து வந்த பண்டத்தைத் தொழிலாளர் தினத்தன்று கொளுத்தி மகிழ்வது என்ன நியாயம்? சிக்காகோவில் செத்தவர்களுக்காகக் கொடி ஏற்றுகிறோம். செங்கமலப்பட்டியில் செத்தவர்கள் அடைத்த மருந்தை அந்தக் கொடியின் அடியில் வெடிக்கிறோம்!

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அதை நாம் ஒளிக்க விரும்பவில்லை. “வெடி வாங்குவதை நிறுத்தினால் அந்த ஏழைகளுக்கு அரை வயிற்றுக் கஞ்சியும் போய்விடுமே” என்கிறார்கள். இது உண்மையான கஷ்டந்தான். ‘ஒழியட்டும்’ என்று மண்ணூர்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட நமக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழிலை, 1920-களின் ஆரம்பத்தில், அவ்வூர் வாலிபர்கள் இருவர் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதிலிருந்து வெடித் தொழிலும், அதிலிருந்து லேபிள் அச்சடிக்கப் போய் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. இன்று நோட்டுப் புஸ்தகமும் நாட்காட்டியும் அங்கிருந்து தேசமெல்லாம் போகின்றன. அச்சடிக்கப் போய் ஒருவரும் கூட்டத்தோடு வெந்து சாவதில்லை. ஒரு தலைமுறையில் ஒரு தொழிலைக் கற்ற ஊர் இன்னொரு தொழிலைக் கற்க முடியாதென்று யார் சொன்னது? அதுவரையில், அறை ஒன்றுக்கு இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான், வெயில் ஏறினால் மருந்துக் கலவை கூடாது என்ற விதிகளைக் கண்டிப்பாய் நடத்தினால் உயிராவது மிஞ்சும். விதியை மீறி, அவசர அவசரமாக, குத்தகைக்கு விட்ட அறைகளில் மருந்து அடைக்கச் செய்வது எது? அதிகச் சத்தம், குறைந்த விலை, உடனே வேண்டும் என்று கேட்கின்ற நமது ஆசைதான். ஆதலால் திருவிழாவுக்குத் திருவிழா, கொடிக்குக் கொடி வாங்கும் வாலாவைக் குறைத்தால் அவர்கள் வாயில் மண் விழுந்துவிடும் என்பது முதலாளி சொல்லிக் கொடுத்த பாடமே ஒழியத் தொழிலாளி சொன்னதல்ல.

இன்னொரு சாரார், “சத்தம் இல்லாமல் விழா எப்படிச் சோபிக்கும்?” என்கிறார்கள். பறையும் தவிலும் சத்தம் இல்லையா? பிள்ளைகளின் பாட்டு சத்தம் இல்லையா? நல்ல பேச்சாளர் ஒருவர் பேசினால் ஆயிரம் பேர் கை தட்டுவது சத்தம் இல்லையா? பக்கத்து வீட்டில் இருதய நோயாளி நடுங்கிக் கிடக்க, கைக்குழந்தை வீறிட்டு அழ, தெரு நாய் பயந்தோடி லாரியில் அடிபட்டுச் சாக, அதைக் கேட்டு மகிழ்கின்ற சாமி ஒன்று இருக்குமானால், அதை வணங்குகிறவர்கள்தான் அதற்காக வெட்கப்பட வேண்டும். நமக்குத் தெரிந்த வரையில் எந்தச் சாமியும் வாலா வேண்டுமென்று கேட்டுக் கடிதம் எழுதியதில்லை. கேட்டவர்கள் உற்சவக் கமிட்டியார். கொடுத்தவர்கள் வசூலுக்குப் பயந்த கடைக்காரர்கள். லாபம் அடைந்தவர் வெடிக்கடைக்காரர். தெருவைப் பெருக்கியவர் அந்த அம்மாள்.

தீப்பிடித்தால் நம்மவர்கள் செய்யும் முதல் காரியம் வேடிக்கை பார்க்க ஓடுவது. இந்த வழக்கத்தைப் பற்றி அவசியம் எழுத வேண்டியிருக்கின்றது. முதலிப்பட்டியில் மாண்டவர்களில் பலர் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் அல்ல. முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடி வந்தவர்கள். இரண்டாவதாக வெடித்தது அவர்களைக் கொன்றது. 2017 ஜூலையில், நமது வடசென்னைக் கொடுங்கையூரில் ஒரு பேக்கரி தீப்பிடித்தபோது, தெருவே கூடி நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த கியாஸ் சிலிண்டர் வெடித்தது. தீயணைக்க வந்த வீரர் ஒருவர் உயிர் கொடுத்தார். நாற்பது பேருக்கு மேல் தீக்காயம் பட்டார்கள். அவர்களிலும் சிலர் பின்னால் இறந்தார்கள். தொழிற்பேட்டைப் பக்கம் எந்தப் பட்டறையில் எந்தப் பீப்பாயில் என்ன திராவகம் இருக்கின்றது என்பது வாசலில் நிற்கிறவருக்குத் தெரியாது. ஆதலால் புகை கண்டால் எதிர்த் திசையில் நடங்கள். 101-க்கோ 112-க்கோ போன் செய்யுங்கள். சந்தில் பந்தல் காலும், குறுக்கே நிறுத்திய ஆட்டோவும், தலைவர் படம் போட்ட தட்டியும் இருந்தால் தீயணைப்பு வண்டி உள்ளே வர முடியாது. தட்டி வைத்தவர் எவ்வளவு பெரியவராயிருந்தாலும், வண்டி வருவதற்கு வழி விட்டுத்தான் வைக்க வேண்டும்.

கையில் வெடி வெடித்துவிட்டால் மஞ்சள், பேனா மை, பற்பசை, மாவு, எண்ணெய் இவைகளைத் தடவுவது ஒரு வைத்தியமாக நமது வீடுகளில் நடந்து வருகின்றது. மந்திரிக்கக் கூட்டிப் போகிறவர்களும் உண்டு. இவையெல்லாம் புண்ணை அழுகச் செய்யுமே ஒழிய ஆற்றுவதில்லை. வெந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்ட வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது. வீங்குவதற்கு முன் மோதிரம், வளையல்களைக் கழற்ற வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. சுத்தமான துணியால் லேசாக மூடி, கீழ்ப்பாக்கம் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தீக்காயத்துக்கென்று தனிப் பிரிவு அங்கே இருக்கின்றது. கண்ணில் பட்டிருந்தால் கசக்காமல் எழும்பூர்க் கண்ணாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1819-ல் ஏற்பட்ட அந்த ஆஸ்பத்திரியில் இருநூறு வருஷமாக ஜாதி கேட்காமல் கண் பார்க்கின்றார்கள். வெடிக்காத வெடியைக் குனிந்து ஊதிப் பார்ப்பதும், மறுநாள் காலையில் பிள்ளைகள் குப்பையைக் கிளறி மிச்ச வெடி பொறுக்குவதும்தான் அதிகக் கண்களைக் கெடுக்கின்றன. பள்ளிக்கூடம் விட்டிருக்கும் மே மாதத்தில் இந்தப் பொறுக்கல் அதிகம். பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெடிக்காமல் போனதன் மேல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி ஊறப் போடுவதற்கு எந்தப் படிப்பும் வேண்டியதில்லை.

ஜிகினாத் தாளைப் பீச்சுகின்ற குழாய் ஒன்று இப்பொழுது ஊர்வலங்களில் வந்திருக்கின்றது. அந்தத் தாள் மின்சாரக் கம்பியில் போய்ச் சிக்கிக்கொண்டால் தெரு முழுவதும் இருட்டாகும். புழுக்கத்தில் கிழவர்களும் குழந்தைகளும் தவிப்பார்கள். விடுமுறை நாளில் ஒரு கம்பியாள் கம்பத்தில் ஏற வேண்டும். இதையும் விட்டுவிட வேண்டுகின்றோம்.

இந்த வருஷம் நாம் கேட்டுக்கொள்வது இதுதான். மண்ணூர்பேட்டை, பாடி, கொரட்டூர், அம்பத்தூர் பக்கங்களில் மே தினக் கொடியேற்றும் சங்கங்களும், நமது இயக்கத் தோழர்களும், வெடி இல்லாமல் கொடி ஏற்ற வேண்டும். பிறரைச் சொல்வதற்கு முன் நம்மிடம் ஆரம்பிக்க வேண்டும். அப்பொழுதுதான் ஆடி மாதத்தில் கோயில் கமிட்டியாரிடம் போய்ப் பேச நமக்கு வாய் இருக்கும். வாலாவுக்கென்று வசூலாகும் பணத்தில், அந்தத் தெருவைக் கூட்டும் ஆண், பெண் எல்லோருக்கும் கையுறையும் செருப்பும் வாங்கிக் கொடுத்து, அவர்களில் ஒருவரைக் கொண்டே கொடியை ஏற்றச் சொல்லலாம். பிரமுகர் ஏற்றினால்தான் கொடி பறக்கும் என்று ஒரு விதியும் இல்லை. ஆவடி, பூந்தமல்லிக்கு அப்பால் கிராமங்களில் இருக்கும் வாசகர்களுக்கு மே முதல் தேதி கிராம சபை கூடுகின்றது. கோயில் வாணத்துக்கு லைசென்ஸ் யார் பெயரில், கிடங்கு எங்கே, ஜனங்கள் நிற்கும் இடத்துக்கும் அதற்கும் தூரம் எவ்வளவு என்று மூன்று கேள்விகளை அங்கே எழுந்து நின்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புஸ்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பரவூரில் அந்த மூதாட்டி தனி ஆளாய்க் கேட்டார். நீங்கள் பத்துப் பேராய்ச் சேர்ந்து கேளுங்கள்.

அன்றைக்கு எது திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்பதையும், தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108, கார்ப்பரேஷனுக்கு 1913, மின்சாரத்துக்கு 94987 94987 என்ற எண்களையும், எழுதப் படிக்கத் தெரிந்த தோழர்கள் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, டீக்கடையிலும், ரேஷன் கடைக் கதவிலும், வடநாட்டுத் தோழர்கள் தங்கும் விடுதிகளிலும் முப்பதாந் தேதி சாயங்காலத்துக்குள் ஒட்டிவிட வேண்டும். இந்தி தெரிந்த பிள்ளைகள் யாராவது இருந்தால், விடுதிகளில் ஒட்டும் தாளில் அவர்களுக்குப் புரியும்படி அடியில் இரண்டு வரி சேர்த்து எழுதட்டும். பாஷைச் சண்டை வேறு. தீ எரியும்போது நம்பர் தெரியாமல் ஒருவர் நிற்பது வேறு.